தலை தீபாவளி ராத்திரிக்கு லேசான ஸ்டார்ட்டர்: பெண் வீட்டாருக்கு ஒரு கையேடு

தலை தீபாவளி அன்று இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் வேட்டி சரசரக்க உட்கார்ந்திருக்கும் புது மாப்பிள்ளைக்குப் பசி இல்லை. இதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுங்கள். அவருக்குக் கடைசியாகப் பசித்தது முந்தின நாள் சாயங்காலம், ரயிலில். அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாக எண்ணிப் பாருங்கள். விடியற்காலை நாலரை மணிக்கு மணையில் உட்காரவைத்துத் தலையில் காய்ச்சின நல்லெண்ணெய். குளித்து வந்ததும் லேகியம். லேகியம் உள்ளே போய்விட்டது, இனி எதுவும் செரிக்கும் என்ற தைரியத்தில் ஒரு தட்டு நிறைய அதிரசம், முறுக்கு, மைசூர்பாகு, ரவா லட்டு. ஏழு மணிக்கு இட்லியும் கறிக்குழம்பும், துணைக்கு வடையும். பதினோரு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து பலகாரத் தட்டு. 'ஒண்ணாவது வாயில போடுங்க மாப்பிள்ளை.' மதியம் பிரியாணி. நாலு மணிக்குக் காபி. காபியை வெறும் காபியாகக் கொடுப்பது மரியாதையில்லை என்பதால் கூடவே மிக்சரும், மிக்சர் காரமாக இருக்குமே என்று ஒரு ஜாங்கிரியும்.

இந்த மனிதருக்குத்தான் இப்போது ஸ்டார்ட்டர் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஸ்டார்ட்டர் எல்லாம் எதற்கு, நேராகத் தோசையை ஊற்றிவிடலாமே என்று வீட்டில் ஒரு குரல் எழும். பெரும்பாலும் அது மாமனாருடைய குரல். அது எடுபடாது, எடுபடாது என்று தெரிந்தேதான் அவரும் சொல்லியிருப்பார். கல்யாண ரிசப்ஷனில் பேபிகார்ன் 65, பனீர் டிக்கா என்று பல் குத்தும் குச்சி செருகி நீட்டியாகிவிட்டது. அன்றைக்குக் காட்டின தரத்தை ஆறே மாதத்தில் இறக்க முடியுமா?

உண்மையில் வாழையிலையில் ஸ்டார்ட்டருக்கு இடமே கிடையாது. இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்ததும் உப்பு, ஊறுகாய், ஒரு கரண்டி பாயசம், பச்சடி, கூட்டு, பொரியல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்துவிடும். எதில் முதலில் கை வைப்பது என்பது சாப்பிடுகிறவர் பாடு. ஐரோப்பாவிலும் பெரிய வீட்டு விருந்துகள் ரொம்ப காலம் இப்படித்தான் நடந்தன. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைப்பது பிரெஞ்சு முறை. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, அதை முடித்தால்தான் அடுத்தது என்பது ரஷ்ய முறை. 19ஆம் நூற்றாண்டில்தான் அது அங்கே வேரூன்றியது. ஆக, உங்கள் மாமியார்க் கடமையில் இன்றைக்குச் சேர்ந்திருக்கும் இந்தப் புதுத் தலைவலி ரஷ்யாவிலிருந்து பாரிஸ், லண்டன், பெரிய ஓட்டல், கல்யாண கேட்டரிங் வழியாக வந்து சேர்ந்தது. அதற்காக இன்றைக்கு யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது. மாப்பிள்ளை வந்தாயிற்று.

ஸ்டார்ட்டர் எதற்கு என்று புரிந்துகொண்டால் எது என்பது தானாகத் தெரிந்துவிடும். நாக்கைத் தூண்டுவதற்கு, பசியைக் கிளப்புவதற்கு என்றெல்லாம் சமையல் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் வீட்டில் பதினோரு பேருக்கு ஒரே தோசைக்கல்லில் தோசை ஊற்றியதில்லை.

அந்தப் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதற்குக் காரணம் பட்டாசு. 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம்தான் என்று சொன்னது. காலை ஆறிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து எட்டு என்று தமிழ்நாட்டு அரசு நேரம் குறித்தது. சட்டம் எந்த அளவுக்கு நடக்கிறது என்பது உங்கள் தெருவுக்கே வெளிச்சம். ஆனால் புது மாப்பிள்ளை வந்திருக்கும் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களாகக் காட்டிக்கொள்வார்கள். அதனால் எட்டு அடித்து ஐந்து நிமிஷத்துக்குள் மொட்டைமாடியிலிருந்து மொத்தக் குடும்பமும் ஒரே கூட்டமாக இறங்கும். கையெல்லாம் மருந்து வாசனை. குழந்தைகளுக்கு மட்டும் நிஜமான பசி. அடுப்படியில் கல் ஒன்று, ஆள் பதினொன்று. தோசைக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தாலும் கடைசி ஆளுக்கு முதல் தோசை விழ இருபத்திரண்டு நிமிஷம். அந்த இருபத்திரண்டு நிமிஷத்தை அடைப்பதுதான் ஸ்டார்ட்டரின் முதல் வேலை.

இரண்டாவது வேலை இதைவிட நுட்பமானது. ஒன்பது, ஒன்பதே கால் வாக்கில் மாப்பிள்ளையின் போன் அடிக்கும். சம்பந்தியம்மா. பேச்சு பட்டாசில் தொடங்கி, மழையைத் தொட்டு, மூன்றாவது நிமிஷத்தில் வரவேண்டிய இடத்துக்கு வந்துவிடும்: 'ராத்திரிக்கு என்னப்பா குடுத்தாங்க?' மாப்பிள்ளை பால்கனிக்கு நகர்வார். வீட்டில் டிவியின் சத்தம் தானாகக் குறையும். அவர் சொல்லப்போகும் அந்த ஒற்றைப் பெயர்தான் அடுத்த ஒரு வருஷத்துக்கு இரு வீட்டுக்கும் இடையில் ஓடப்போகிறது.

ஆகவே விதி ஒன்றே ஒன்றுதான். ஸ்டார்ட்டர் வயிற்றில் லேசாக இருக்க வேண்டும், போனில் கனமாக இருக்க வேண்டும்.

இந்தத் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்போம்.

சிக்கன் 65. போனில் இதன் எடை சொல்லி மாளாது. சென்னை அண்ணா சாலை புகாரி ஓட்டலில் 1965இல் அறிமுகமானது, அதனால்தான் அந்த எண் என்பது ஓட்டல்காரர்கள் சொல்லும் கதை. அறுபத்தைந்து மிளகாய், அறுபத்தைந்து துண்டு, மெனுவில் அறுபத்தைந்தாவது வரிசை என்று மற்ற கதைகளும் உண்டு. உங்கள் வீட்டில் எந்தக் கதையைச் சொல்வது என்று மச்சானும் சித்தப்பாவும் சண்டை போட்டே பத்து நிமிஷம் ஓட்டிவிடுவார்கள். அந்த வகையில் லாபம். நஷ்டம் அடுப்பில் இருக்கிறது. எண்ணெய் நன்றாகக் காயாமல் போட்டால் கோழி எண்ணெயைக் குடிக்கும். காயவிட்டுப் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பொரிக்க முடியும். பெரிய அடுப்பில் தோசைக்கல், சின்ன அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, நடுவே வியர்வையோடு மாமியார். முன்கூட்டியே பொரித்து வைத்தால் பத்து நிமிஷத்தில் நமத்துவிடும்.

அதைவிட முக்கியமானது, அந்தத் தட்டு போகிற பாதை. அடுப்படியிலிருந்து கிளம்பும்போது தட்டில் மலையாக இருக்கும். வாசற்படியில் ஒரு வாண்டு இரண்டை உருவும். ஊஞ்சலைக் கடக்கும்போது சித்தப்பா, 'உப்பு சரியா இருக்கான்னு பாக்கறேன்' என்று ஒன்று. சாப்பாட்டு மேஜையருகே நாத்தனார் பையன், கையில் எத்தனை கொள்ளுமோ அத்தனை. கூடத்து சோபாவில் மாப்பிள்ளை முன்னால் தட்டு இறங்கும்போது அதில் பொரித்த கறிவேப்பிலையும், வட்டமாக நறுக்கின வெங்காயமும், எலுமிச்சைத் துண்டும், விலாப்பக்கத்து எலும்பு ஒன்றும் மிச்சமிருக்கும். 'எடுத்துக்கோங்க மாப்பிள்ளை, கூச்சப்படாதீங்க.'

கோபி மஞ்சூரியன். காலிஃபிளவரைக் கொதிக்கும் உப்பு மஞ்சள் தண்ணீரில் போட்டுப் புழு பார்த்து, மாவில் தோய்த்துப் பொரித்து, அப்புறம் சாஸில் புரட்டி... அதற்குள் மாப்பிள்ளை ஊருக்குப் போய்விடுவார். மஞ்சூரியன் என்பதே 1975 வாக்கில் பம்பாயில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் கோழியில் செய்து காட்டியது என்பார்கள். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நமக்கு இருக்கிற ஒரு சம்பந்தமே போதும்.

சாலட். இதைப் பரிந்துரைப்பவர் வீட்டில் ஒருவர் இருப்பார்: பெங்களூரில் வேலை பார்க்கும் கொழுந்தியாள். வெள்ளரிக்காய், கேரட், மாதுளை, மேலே ஆலிவ் எண்ணெய். வயிற்றுக்கு இதைவிட லேசானது இல்லை என்பது நிஜம். ஆனால் போனில் யோசித்துப் பாருங்கள். 'பச்சைக் காய்கறி வெட்டி வெச்சாங்கம்மா.' அந்தப் பக்கம் நீண்ட மௌனம். அதற்குப் பிறகு வரும் வாக்கியத்தில் ஆடு மாடு ஏதாவது வந்தே தீரும்.

சாலட்டுக்கு நம் ஊர் அண்ணன் கோசுமல்லி. பாசிப்பருப்பை அரை மணி ஊறவைத்து வடித்து, பொடியாக அரிந்த வெள்ளரிக்காயும் தேங்காய்த் துருவலும் சேர்த்து, கடுகு, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்து எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. அடுப்பை அதிகம் தேடாது. உப்பை மட்டும் பரிமாறுகிற நேரத்தில்தான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டுக் கிண்ணத்தில் குளம் கட்டிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த பண்டம். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: ராமநவமிக்குப் பானகத்தோடும் நீர்மோரோடும் கொடுப்பதைத் தலை தீபாவளிக்குக் கொடுத்தால், பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாத குடும்பம் என்ற பெயர் வரும். சுண்டலும் இதே கதிதான். அது போன மாதம், கொலுவுக்கு.

லேகியத்தையே இன்னொரு உருண்டை கொடுத்துவிடலாமே என்று பாட்டி சொல்வாள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய், நல்லெண்ணெய் எல்லாம் கிளறி இறக்கின அந்தக் கறுப்பு உருண்டையைவிடப் பொருத்தமான ஸ்டார்ட்டர் மருத்துவப்படி வேறெதுவும் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் கொடுத்ததே அதற்காகத்தான். ஆனால் ராத்திரியும் கொடுத்தால் பகல் முழுக்க நீங்கள் போட்ட சாப்பாட்டைப் பற்றி நீங்களே சாட்சி சொல்வதாக ஆகும். பாட்டியை அன்பாகப் படுக்கைக்கு அனுப்புங்கள்.

மிச்சமிருப்பது சூப். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் ஸ்டார்ட்டர் விஷயத்தில் நாம் உலகத்துக்குக் கொடுத்திருக்கும் பங்கே இதுதான். கும்பினி காலத்து வெள்ளைக்காரர்களுக்குச் சூப் இல்லாமல் சாப்பாடு தொடங்காது. சென்னைப் பட்டணத்துச் சமையல்காரர்களுக்குச் சூப் என்றால் என்னவென்று தெரியாது. துரை கேட்டால் இல்லையென்று சொல்ல முடியுமா? நம் வீட்டு ரசத்துக்கு உறவான மிளகுத்தண்ணீரை எடுத்து, அதில் கோழியோ ஆட்டுக்கறியோ போட்டுக் கொதிக்கவிட்டு, வெங்காயத்தை வதக்கிக் கொட்டி, பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி மேஜையில் வைத்தார்கள். துரைமார்கள் சொக்கிப்போனார்கள். சென்னை மாகாண அதிகாரிகளுக்கே அதனால் 'முல்' என்று பட்டப்பெயர் விழுந்ததை 1886இல் வந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதி பதிவு செய்திருக்கிறது. பிறகு அது கப்பலேறி, 'முல்லிகாட்டானி' என்று டப்பாவில் அடைத்து இங்கிலாந்துக் கடைகளில் விற்கிற அளவுக்குப் போயிற்று.

இவ்வளவு பெருமையுள்ள பண்டமாயிற்றே, அதையே கொடுத்துவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். வெள்ளைக்காரன் பெயரில் கொடுத்தால், 'மல்லிகாவா? எந்த மல்லிகா?' என்று கேட்பார்கள். நம் பெயரில் கொடுத்தால் ரசம். 'ராத்திரி ரசம் குடுத்தாங்கம்மா' என்ற வாக்கியத்தைப் போனில் கேட்டு அதிலிருந்து மீண்டு வந்த சம்பந்தம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்வீட் கார்ன் சூப் மாவுக்கஞ்சிக்குப் பட்டுப்புடவை கட்டியது. சோளமாவைக் கரைத்து ஊற்றிக் கொழகொழவென்று ஆக்கிய பிறகு அதில் லேசு எங்கே இருக்கிறது? முருங்கைக்கீரை சூப், வாழைத்தண்டு சூப் இரண்டும் உத்தமமானவை. காலையில் பூங்கா வாசலில் அருகம்புல் சாற்றுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டிரம்மில் வைத்து, நடைப்பயிற்சிக்காரர்களுக்கு விற்பார்களே, அவைதான். அதுதான் ஆபத்தும். வாழைத்தண்டு சூப் என்று கேட்டதும் சம்பந்தியம்மா, 'ஏம்ப்பா, கல்லு ஏதாவது...' என்று பதறிவிடுவார்.

ஆட்டுக்கால் சூப் போனில் பிரமாதமாக எடுபடும். நாலைந்து மணி நேரம் கொதித்த கால், மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம், மிளகுத்தூள். ஆனால் மதியப் பிரியாணி இன்னும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. சதுர்த்தசி விடியலில் எண்ணெய்க் குளியல் முடித்த அதே நாளில், சில வருஷங்களில் பிற்பகலிலேயே அமாவாசை பிறந்துவிடும். தினசரிக் காலண்டரைக் கிழித்து மூக்குக்கண்ணாடிக்கு நேரே பிடித்தபடி பெரியம்மா அறிவிப்பார்: 'மூணே முக்காலுக்கு மேல கவுச்சி கிடையாது.' கேதார கௌரி நோன்பு இருக்கிற வீடானால் பேச்சே இல்லை. மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறவர் ஒருவரும் கூட்டத்தில் இருப்பார். சட்டியைத் தொட்ட கரண்டியைக்கூட அவர் தொடமாட்டார்.

இவ்வளவையும் கேட்டு நீங்கள் சோர்ந்து போயிருந்தால், கொல்லிமலைக்கு வாருங்கள். நேரில் வர வேண்டியதில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவு, தலை சுற்றும். அங்கே பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி வகைச் செடி ஒன்றின் கிழங்கு, பழுப்பு நிறத்தில் பூனைமயிர் போர்த்திக்கொண்டு அச்சு அசல் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். முடவாட்டுக்கால் என்று பெயர். மலைமேல் சுற்றுலாக்காரர்கள் வரும் இடங்களில் கடை போட்டு, கிழங்கைக் கண்ணெதிரே குவித்து வைத்துச் சூப்பும் விற்பார்கள். இப்போது சமவெளிச் சந்தைகளிலும் கிடைக்கிறது.

இதன் பெருமை நாக்கில் மட்டும் இல்லை. சுத்த சைவம், அமாவாசைக்கும் ஆகும், சஷ்டிக்காரருக்கும் ஆகும். போனில் சொல்லும்போதோ? 'முடவாட்டுக்கால் சூப் குடுத்தாங்கம்மா.' அம்மாவின் காதில் முதல் பாதி சரியாக விழாது, பிற்பாதி போதும். சரியாக விழுந்தாலும், 'கொல்லிமலையிலிருந்து வரவழைச்சாங்களாம்' என்ற அடுத்த வரி கைவசம் இருக்கிறது. மாமனார் அதை வாரச்சந்தையில் பேரம் பேசி வாங்கினார் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

செய்முறை சுருக்கம். கத்தியால் மேல் மயிரை நன்றாகச் சுரண்டிவிட்டுக் கழுவுங்கள். இதில் சோம்பேறித்தனம் கூடாது. ஒரு இழை தொண்டையில் நின்றாலும் மாப்பிள்ளை இருமுவார், அதுவும் போனில் கேட்கும். பொடியாக வெட்டி மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு ஒன்றிரண்டாக இடித்துத் தண்ணீரில் போடுங்கள். ஒரு தக்காளி, ஒரு சிட்டிகை மஞ்சள். சிறு தீயில் அரை மணி நேரம் கொதித்து நிறம் இறங்கியதும் வடிகட்டி, உப்பு போட்டு, நல்லெண்ணெயில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மல்லித்தழை தூவுங்கள். விரதக்காரருக்குப் பூண்டும் வெங்காயமும் சேர்ப்பதற்கு முன்னாலேயே தனியாக எடுத்துவிட வேண்டும். சோளமாவு டப்பாவை அன்றைக்குக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். ஆறு மணிக்கே வைத்து மூடிவிட்டால், எட்டு மணிக்குச் சின்ன அடுப்பில் ஒரு சூடு காட்டினால் போதும். தோசைக்கல்லோடு அதற்குப் போட்டி இல்லை. சூடாக இருப்பதால் யாரும் மடமடவென்று குடித்துவிட முடியாது. ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். இருபத்திரண்டு நிமிஷத்தில் பதினைந்து அதிலேயே போய்விடும்.

எதில் ஊற்றுவது என்று ஒரு கேள்வி வரும். பரணில் கல்யாணப் பரிசாக வந்த பீங்கான் சூப் செட் இருப்பது எல்லோருக்கும் நினைவு வரும். எடுக்காதீர்கள். அதில் ஆறு கிண்ணம், ஐந்து கரண்டி; ஆள் பதினொன்று. யாருக்குக் கிண்ணம், யாருக்கு டம்ளர் என்று பிரிக்கத் தொடங்கினால் ஸ்டார்ட்டரோடு இன்னொன்றும் ஸ்டார்ட் ஆகிவிடும். எல்லோருக்கும் சின்ன எவர்சில்வர் டம்ளர். மாப்பிள்ளைக்கு மட்டும் வெள்ளி டம்ளர் என்று ஒரு யோசனை வரும். கொதிக்கிற சூப்பை வெள்ளியில் ஊற்றிக் கையில் கொடுத்தால் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் படும் அவஸ்தையை வீடியோவே எடுத்துவிடுவார்கள்.

கடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு மிளகு அப்பளம், சுட்டது. இந்த இடத்தில் மாமியாரின் பார்வை தகர டின்கள் பக்கம் போகும். நாலு கிலோ முறுக்கு அப்படியே இருக்கிறது, சூப்புக்கு நன்றாக இருக்குமே. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முறுக்கு மறுநாள் காலை மாப்பிள்ளையின் பெட்டியில் மூன்று அடுக்குப் பிளாஸ்டிக் பையில் ஏறப்போவது முன்பே முடிவானது; அதை இப்போதே அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பரிமாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'போதும்' என்று மாப்பிள்ளை சொன்னால் இன்னும் இரண்டு என்று பொருள் கொள்வது நம் மரபு. இட்லிக்கு, தோசைக்கு, வடைக்கு அது சரி. சூப்புக்கு அந்தச் சட்டத்தைப் பாய்ச்ச வேண்டாம். டம்ளர் காலியானதும் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். அவர் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாக ஒரு நிம்மதி தெரியும். அடுத்த நிமிஷம் முதல் தோசை வந்து விழும்.

இந்தக் கையேடு தலை தீபாவளிக்கு மட்டும்தான் செல்லும். அடுத்த வருஷம் இதே இரவு எட்டு மணிக்கு, பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து இறங்கி இரண்டு நாள் ஆகியிருக்கும். அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் வரும்: 'மாப்பிள்ளை, சும்மாதானே இருக்கீங்க? மாவு தீர்ந்துடுச்சு. தெருமுனைக் கடை திறந்திருக்கான்னு பாத்துட்டு வந்துடுங்களேன். அப்படியே பால் ரெண்டு பாக்கெட்.'